தண்டேல் என்றால் யார்?
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாயுடு, பிள்ளை, முதலி, கோவிந்தர் என்றே கேட்டுப் பழகிய காதுக்குத் தண்டேல் என்ற குடும்பப்பெயர் புதிதுதான். நம்மவர்களில் பலருக்கு, 1860இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்த முதல் கப்பலான ட்ரூரோ வந்த காலத்திலிருந்து, கப்பலேறிய பாட்டனின் பெயரே குடும்பப்பெயர் ஆனது. தண்டேல்களுக்கோ தொழிலே பெயர்.

குஜராத், டாமன் கடற்கரையில் தண்டேல் என்றால் படகின் தலைவர். ஆனால் பெரிய கப்பலில் ஏறினால் பதவி இறங்கிவிடும்! அங்கே லஸ்கர்களுக்கு, அதாவது கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு, தலைவர் சாரங்கு. தண்டேல் அவருக்கு அடுத்தவர். கரையில், கூலி ஆட்களின் மேஸ்திரிக்கும் இதே பெயர் உண்டு. சாரங்கின் மூலமான பாரசீக சர்ஹங், ஈரான் ராணுவத்தில் இன்று கர்னல். (பதவி உயர்வு என்றால் அது.)

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் தலைவரைத் தண்டையல் என்பார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1938இல் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அப்படியொரு தண்டையலும் உண்டு. நம் ஆட்கள் இதை ஏன் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

சரி, என் தண்டேல் நண்பர் அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறார். அங்கே தண்டல் என்றால் தினவட்டி வசூல். பெயரைச் சொன்னதும் தெருவில் பாதிப் பேர் ஒளிந்துகொள்ளப் போகிறார்கள் 😄