மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் பையில் பழைய பத்திரம் இருக்கும், வரி ரசீது இருக்கும், உறை போட்ட ஆதார் அட்டை இருக்கும். முன்பு கொடுத்த மனுவின் நகல் மட்டும் இருக்காது. "பெரிய அய்யா கையிலயே குடுத்தோம், பார்த்துச் செய்யறேன்னாரு" என்பார்கள். மனு எழுதித் தரும் எங்களுக்கு அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அலுவலகம் நடப்பது கோப்பில். அய்யா மாறுதலாகிப் போனால் அவர் சொன்ன சொல்லும் கூடவே போய்விடும்.

மனு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஆட்சியரிடம் கொடுத்த பட்டா மனு வட்டாட்சியருக்கு வரும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர். நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டியவர் கடைசிப் படியில் இருப்பதால் இப்படி இறங்குகிறது. யார் மேல் குறை சொன்னோமோ அவர் மேசைக்கே மனு வந்து சேர்வதும் இதனால்தான். குறை கிராம நிர்வாக அலுவலர் மீது என்றால், "வேறு அலுவலரைக் கொண்டு விசாரிக்க வேண்டுகிறேன்" என்ற வரியை மனுவிலேயே சேர்த்துவிட வேண்டும். பணிவாகவே எழுதலாம். எழுதாமல் விடக் கூடாது.

பலர் கொண்டுவரும் மனுவில் முக்கால் பக்கம் கும்பிடு. "தாங்கள்தான் எங்கள் தெய்வம்" என்று தொடங்கி வறுமை, நோய், பிள்ளைகள் படிப்பு என்று போய், புல எண் (சர்வே நம்பர்) கடைசி வரியில் தப்பாக இருக்கும். ஒரு மனுவில் ஒரு விஷயம், ஒரு பக்கம் போதும். வருவாய் கிராமம், வட்டம், புல எண், உட்பிரிவு, பட்டா எண் ஆகியவை மேலேயே வர வேண்டும். குடியிருக்கும் ஊரின் பெயரும் வருவாய் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறு, இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தருமபுரி தனி மாவட்டமான 1965 அக்டோபர் 2-க்கு முந்தைய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றிருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முந்தைய தேன்கனிக்கோட்டை, ஓசூர் ஆவணங்களில் தருமபுரி மாவட்டம் என்று வரும். பெயர் மாறியிருக்கிறதே என்று பயந்து பழைய பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதுதான் பலமான சான்று. நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் நகர வேண்டாம்.

எங்களை அதிகம் வருத்துவது வாய்மொழி மறுப்பு. "இதெல்லாம் ஆகாதும்மா, போங்க" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ பேர் நிலத்தையே மறந்துவிட்டுப் போகிறார்கள். ஆபீசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பணிவு அது. வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து மேலே போவது கஷ்டம், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வட்டாட்சியரின் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அது பிரிவு 12. அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு, பிரிவு 13. இரண்டுக்கும் அடிப்படை, காரணம் எழுதிய ஓர் உத்தரவு. "முடியாது என்றால் அதையே காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் அய்யா" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. சட்டத்தை நம்புகிறவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

அதிகாரத்தைச் சந்தேகிப்பது பாவம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு வாச்சாத்தியை நினைவூட்டத் தோன்றும். அரூர் வட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடும் பெயரில் ஊரார் மீது நடந்த கொடுமைக்குக் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். வனத்துறை, காவல்துறையோடு வருவாய்த்துறையினரும் அதில் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனக் கண்டது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீருடைக்கு எதிராகச் சாட்சி சொன்ன அந்த மலையடிவாரத்துப் பெண்கள் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தார்கள். ஒரு கை அடித்தபோது அதே அரசின் இன்னொரு வாசலைத் தட்டினார்கள். அந்த அளவு தைரியம் பட்டா மனுவுக்குத் தேவையே இல்லை.

எழுத்தில் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் விண்ணப்பியுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் என் மனுவை நிராகரித்தீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள், அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். அதனால் மனு எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, "கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே தகவல் உரிமைச் சட்டப்படி முதல் மேல்முறையீடு.

நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: இடத்தை நேரில் பார்த்த தேதி, விசாரித்த பக்கத்து நிலக்காரர் பெயர், உங்கள் வாக்குமூலம். இவற்றில் எது விடுபட்டிருந்தாலும் கோட்டாட்சியரிடம் தரும் மேல்முறையீட்டில் அதையே முதல் பத்தியாக வையுங்கள்.