சின்னவள் பத்தியம் இருக்கிறாள்

மே 11, 2025, ஞாயிறு

இன்றோடு சின்னவளுக்கு மாத்திரை நின்றது. செர்ட்ராலின், மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அமெரிக்கப் படையில் இருந்து வந்தவள், பெருவின் காட்டுக்குப் போய் அயவாஸ்கா என்கிற மூலிகைக் கஷாயம் குடிக்கப்போகிறாள். ஏப்ரலிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். "போ என்று நான் சொல்ல முடியாது. போவதென்று முடிவு செய்துவிட்டால் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, என்னைக் கேட்டுக் கேட்டு நிறுத்து" என்றாராம். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

மே 13

திரும்பும்போதெல்லாம் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

மே 15

பெரியவளிடம் ராத்திரி வெகுநேரம் பேசினேன். மருந்துக்கடையில் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். அயவாஸ்கா ஒரே செடியில்லை. ஒரு கொடி, ஒரு இலை. இலையில் இருக்கிற டிஎம்டி என்கிற, மனசை மாற்றுகிற பொருளை மட்டும் சாப்பிட்டால் வயிறே அதை உடைத்து ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அந்த உடைக்கிற வேலையைக் கொடி நிறுத்தி வைக்கிறது. காட்டில் ஆயிரக்கணக்கான செடிகள் இருக்க, இந்த இரண்டையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்று யார் கண்டுபிடித்தார்களோ என்று அவளே வியந்தாள்.

நான் வியக்கவில்லை. எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். மாத்திரை உடம்பில் மிச்சமிருக்கும்போது அந்தக் கொடியும் உள்ளே போனால் செரட்டோனின் என்கிற ரசாயனம் ஏறிக் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. "மே 11-க்குப் பிறகு போதுமான நாள் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். மறுபடி கேட்டேன். இருக்கிறதும்மா என்றாள்.

மே 16

இருக்கிறது.

மே 18

புளித்தது கூடாது, நாள்பட்ட சீஸ் கூடாது, சோயா சாஸ் கூடாது, ஊறவைத்தது கூடாது, பன்றிக்கறி கூடாது. உப்பு, சர்க்கரை, எண்ணெய், மிளகாய் எல்லாம் படிப்படியாக நிற்க வேண்டும். கஷாயம் கொடுக்கிறவர்கள் அனுப்பிய பட்டியலைக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள், 988 காந்தத்துக்குக் கீழே. உயிரை விடத் தோன்றினால் கூப்பிடுகிற எண் அது. 988 அடித்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படையினருக்கான ஆள் பேசுவார். அந்தக் காந்தம் வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் நேராகப் பார்ப்பதில்லை.

இட்லி மாவைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டேன். அவளுக்குக் கஞ்சி, வேகவைத்த பூசணி, வாழைக்காய். நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். இவர் மட்டும் ஊறுகாயை ஒளித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார், பாவம்.

மே 20

பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று எழுந்து பார்க்கிறாள். 11 மணிக்கு ஒரு தரம், 2 மணிக்கு ஒரு தரம், 4 மணிக்கு ஒரு தரம். கூடத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மே 22

அவளோடு வேலை பார்த்த பையன் ஒருவன் இபோகெய்ன் என்று செடியிலிருந்து எடுக்கிற ஒரு மருந்துக்காக மெக்ஸிகோ போய் வந்தான். இப்போது தூங்குகிறானாம், பிள்ளைகளோடு பேசுகிறானாம். அவன் அனுப்பிய ஆய்வை உட்கார்ந்து படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் செய்து 2024 ஜனவரியில் வெளியிட்டது. இபோகெய்ன் இதயத் துடிப்பைக் கலைத்துவிடக்கூடியது என்பதால் கூடவே மெக்னீசியமும் ஏற்றினார்களாம். மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கும் ஆசையாக இருந்தது. பிறகு யார் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தேன். 30 பேர். 30 பேரும் ஆண்கள், தலையில் அடிபட்ட சிறப்புப் படைக்காரர்கள்.

அவர்கள் குணமாகட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் மகளுக்கு நடந்தது வெடிகுண்டால் நடந்ததில்லை. அதைப் பற்றி அந்தத் தாள்களில் ஒரு வரி இருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மே 26, திங்கள். நினைவு நாள்

கடை வாசலில் ஒருவர், முன்னாள் படையினர் என்று போட்டிருக்கிற எங்கள் கார் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, இவர் கையைக் குலுக்கி, "உங்கள் சேவைக்கு நன்றி" என்றார். இவர் ஆயுசில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. சின்னவள் பக்கத்தில்தான் நின்றாள், தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. இவர், "நான் இல்லை சார், என் மகள்" என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்கு இது பழகிவிட்டதாம். பழகக் கூடாது.

மே 29

இன்று கேட்டேவிட்டேன். "இருட்டிலா நடக்கும்?" ஆமாம் என்றாள். மலோகா என்று வட்டமான பெரிய ஓலைக் கூரை. சுற்றிலும் மெத்தை. எட்டு மணிவாக்கில் ஆளுக்கொரு சின்னக் கோப்பை, அப்புறம் மெழுகுவத்தியை அணைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு வாளி, வாந்தி எடுக்க. நாலைந்து மணி நேரம் இருட்டுக்குள்ளேயே பாடுவார்கள்.

கூடத்து விளக்கில்லாமல் இந்த வீட்டிலேயே தூங்காத பெண். படையில் இருந்தபோது கூடாரத்தில் விளக்கை அணைத்தது யார் என்பதை அவள் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைக் காட்டுக்குள் இருட்டில், எழுந்து நடக்கவே முடியாத நிலையில் படுக்க வைப்பார்களா? இந்த மாதிரி இடங்களில் பாடுகிறவர்களே பெண்களிடம் தப்பாக நடந்ததும் உண்டு. அதற்கென்றே எச்சரிக்கைக் கையேடு போடுகிற அளவுக்கு உண்டு. எல்லாம் படித்துவிட்டேன். படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

அவள் கோபப்படவில்லை. அதற்காகத்தான் இந்தக் குழுவுக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன் என்றாள். வருகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், அத்தனை பேரும் படையில் இருந்தவர்கள். பாடுகிறவர்கள் ஷிபிபோ இனத்துப் பாட்டிகள். விழித்திருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் பெண்கள்தான். யாரும் யாரையும் கேட்காமல் தொடக் கூடாது, தோளைக்கூட. முதல் நாளே அதைச் சொல்லி ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்குகிறார்களாம்.

"ஆம்பளைங்க இருக்கற குழுவுல ரெண்டு மாசத்துல இடம் கிடைச்சதும்மா. நான் போகல."

முன்னாள் படையினருக்கான அரசு மருத்துவமனைகளில், படையில் யாராவது தப்பாக நடந்தார்களா என்று பெண்களிடம் கேட்கிறார்கள். மூன்றில் ஒருத்தி, எனக்கும் நடந்தது என்கிறாள். மூன்றில் ஒருத்தி என்றால், ஆண்களோடு ஒரே இருட்டறையில் படு என்று சொல்வது எந்த வகை வைத்தியம்? அது என்ன அமிர்தமாக இருந்தாலும் வேண்டாம். பெண்களுக்குத் தனியாக வைப்பது சலுகை என்று யாராவது இனி என்னிடம் சொல்லட்டும்.

மே 30

கதவைப் பார்க்க நானும் கூடப் போனேன். பேசவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஜூன் 2

சண்டை. பூசணியில் நான் உப்புப் போட்டுவிட்டேனாம். போடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மாத்திரை இல்லாத உடம்பு பேசுகிறது, தெரியும். எனக்கும்தான் நாக்கு செத்துக் கிடக்கிறது.

ஜூன் 5

ஹூஸ்டன் வரை கூடப் போனோம். லீமாவுக்கு ஏழு மணி நேரம். அங்கிருந்து இக்கிடோஸுக்கு இன்னொரு விமானம். காட்டு நடுவில் பெரிய ஊர்தான், ஆனால் நாட்டின் மற்ற பெரிய ஊர்களிலிருந்து போகச் சாலையே கிடையாது. ஆறு, இல்லாவிட்டால் ஆகாயம்.

இவர் விமான நிலையத்தில் அவளுடைய பையின் ஜிப்பை மூன்று தரம் இழுத்து இழுத்துப் பார்த்தார். ஆப்கானிஸ்தானுக்குப் போனபோதும் இதையேதான் செய்தார்.

ஜூன் 6

"படகு ஏறப்போறோம். ஃபோனை வாங்கிடுவாங்க. சாப்பிடும்மா." அவ்வளவுதான்.

ஜூன் 7, சனி

பெருவிலும் இங்கே டெக்ஸாஸிலும் இப்போது ஒரே மணி. அதனால் தப்பிக்க வழியில்லை. எட்டு அடித்தது, குடித்திருப்பாள். ஒன்பது, ஆரம்பித்திருக்கும். தண்ணீர்கூட இறங்கவில்லை எனக்கு. மே 11-லிருந்து விரல் விட்டு எண்ணினேன். பெரியவளைக் கூப்பிட்டேன், "இருக்கிறதும்மா" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

சட்டப்படி இது இங்கே செய்ய முடியாத காரியம். டிஎம்டி 1970-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தின் முதல் பட்டியலில், ஹெராயினோடு. ஒரு சபையார் உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-இல் தங்கள் வழிபாட்டுக்கென்று குடிக்கிற உரிமை வாங்கினார்கள். பெருவிலோ 2008-இல் நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்துவிட்டார்கள். என் மகள் இந்த நாட்டின் சீருடையைப் போட்டுக்கொண்டு அடிபட்டவள். அவள் மருந்து குடிக்கிற இரவில் பக்கத்து அறையில் நான் இருந்திருக்க வேண்டும். இல்லை, பக்கத்து ஊரிலாவது.

மணி 1. பாட்டு ஓயும் நேரம். விளக்கை அணைத்துப் பார்த்தேன், கூடத்தில். முடியவில்லை, போட்டுவிட்டேன்.

ஜூன் 8

ஒன்றும் இல்லை.

ஜூன் 9

வைகாசி விசாகம். கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டார். சொல்ல வாய் வரவில்லை, இவர் சொன்னார். இன்றும் அங்கே குடிக்கிற இரவு.

ஜூன் 11

இபோகெய்ன் ஆராய்ச்சிக்கு டெக்ஸாஸ் 5 கோடி டாலர் ஒதுக்குகிற சட்டத்தில் ஆளுநர் இன்று கையெழுத்துப் போட்டார். டிவியில் முன்னாள் வீரர்கள் பேசினார்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். நாளை முன்னாள் படைப்பெண்கள் நாள், 1948 ஜூன் 12-இல் பெண்களை நிரந்தரப் படையில் சேர்க்கும் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்ட நாள். அந்தப் பணத்தில் செய்கிற ஆய்வில் பெண்களையும் எடுப்பீர்களா என்று எங்கள் மாநில உறுப்பினருக்கு எழுதினேன். பெரியவள் இங்கிலீஷைத் திருத்தினாள், ஒரு கடுமையான வார்த்தையை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை.

ஜூன் 15

குரல்! "அம்மா" என்றாள். கரகரத்துப்போயிருந்தது. அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. இவர் ஃபோனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா" என்றார்.

ஜூன் 17

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள், கொசுக்கடி. எனக்கு ஷிபிபோப் பெண்கள் தைத்த துணி ஒன்று கொண்டுவந்தாள், கருப்பில் வெள்ளைக் கோடுகள், முடிவே இல்லாமல் வளைந்து வளைந்து. இன்னும் பத்தியம்தான். சட்டென்று விட்டுவிடக் கூடாதாம்.

ஜூன் 20

கொஞ்சம் சொன்னாள். முதல் இரவு வாந்தி மட்டும். அடுத்த தடவை அந்தக் கூடாரம் வந்ததாம். அப்படியே, அந்த டீசல் வாடை உட்பட. "ஓடணும்னு இருந்துச்சு, கால் வரல. அப்ப ஒரு பாட்டி என் முன்னால வந்து உக்காந்து பாடினாங்க. எனக்குன்னு. முடியற வரைக்கும் நான் அங்கயே இருந்தேம்மா, கண்ணை மூடாம." மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளே, "மன்னிக்கல்லாம் இல்ல" என்றாள். சரி.

பக்கத்து மெத்தையில் 1991 வளைகுடாப் போருக்குப் போன அம்மா ஒருவர். அந்தப் போருக்கு 40,000-க்கும் மேல் பெண்கள் போயிருக்கிறார்கள். நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம், கட்டிய கணவரிடம்கூட. அங்கே, காலையில் வாழைப்பழம் சாப்பிடும்போது சொன்னாராம். இவளை உட்கார வைத்துச் சொன்னாராம். 34 வருஷம்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. கோபத்தில்தான்.

ஜூன் 21

பின்கதவு, ஒரு தரம்.

ஜூன் 24

மோசமான நாள். காலையிலிருந்து அழுகை. ராத்திரி மூன்று தரம் கதவு. ஒரு வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. திரும்பி வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். மாத்திரை மறுபடி வேண்டுமா வேண்டாமா என்று அவரோடு உட்கார்ந்து பேசுவாளாம். வேண்டுமென்றால் எடுப்பேன், அதில் என்ன என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சாயங்காலம் குழுவோடு கம்ப்யூட்டரில் பேச்சு. கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் என்றார்கள், இரண்டரை மணி நேரம் ஆனது.

ஜூன் 28

வளைகுடா அம்மாவுக்கு முடியவில்லையாம். தூக்கமே இல்லை, வீட்டில் சொல்லிவிட்டார், கணவர் பேசுவதில்லை. சின்னவள் கிளம்புகிறாள், ஆர்க்கன்சாஸுக்கு, காரில். 9 மணி நேரம் ஓட்ட வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். "நீ அங்க வந்து என்னம்மா பண்ணுவ?" என்றாள். சமைப்பேன் என்றேன். இவர் டயரில் காற்றுப் பார்க்கப் போயிருக்கிறார். அரிசி, பருப்பு, குக்கர் எடுத்து வைத்தாயிற்று, அந்த அம்மாவுக்கு என்னென்ன ஆகும் என்று கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு