சீனாய் மலையும் இரண்டாவது கற்பலகைகளும்

அரபியில் ஜெபல் மூசா என்று சொல்லப்படும் சீனாய் மலைக்கு ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று ஒட்டகங்கள் போகும் சுற்றுப்பாதை. இன்னொன்று துறவிகள் கல்லடுக்கிக் கட்டிய 3,750 படிகள். ஒட்டகப் பாதையில் ஏறி, படிகளில் இறங்குவது என்று எங்கள் குழு முடிவு செய்திருந்தது. உயரம் 2,285 மீட்டர். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே, தேவனுடைய கட்டளைகளைப் பெற ஏறிய மலை இதுதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. எத்தனையோ தலைமுறைகள் ஜெபித்துக்கொண்டே ஏறிய மலை. எனக்கு அது போதும்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். பெதுவின் வழிகாட்டி முன்னால் நடந்தார். ஒட்டகம் காதோரம் மூச்சுவிட்ட பிறகுதான் அது அங்கே நிற்பதே தெரியும், அப்படி ஓர் இருட்டு. எனக்கு முன்னால் போன வயதான அம்மா ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்குவார், 119-ஆம் சங்கீதத்திலிருந்து இரண்டு மூன்று வசனம் சொல்வார், மறுபடி நடப்பார். 176 வசனமும் அவருக்கு மனப்பாடம். 'நான் பரதேசியாய்த் தங்கும் வீட்டிலே உமது பிரமாணங்கள் எனக்குக் கீதங்களாயின' என்பதை மட்டும் மறுபடியும் சொன்னார்.

"சட்டத்தை யாராவது பாட்டாப் பாடுவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சட்டம் கொடுத்தவரைத் தெரிஞ்சா பாடலாம் தம்பி."

கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். போலி பில்லில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதால் பதவி உயர்வு கைவிட்டுப் போனது. "அப்புறம் கர்த்தர் வேற வழி திறந்திருப்பாரே?" என்றேன். "இல்லையே. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே நாற்காலிதான். ஆனா அந்த நாற்காலியில ஒரு நாளும் நான் தனியா உக்காரல." இந்த மாதிரி சாட்சிகளுக்குக் கூட்டங்களில் யாரும் மைக் கொடுப்பதில்லை.

கடைசி 750 படிகளை எல்லாரும் ஏறித்தான் ஆகவேண்டும். உச்சியில் 1934-இல் கட்டிய சிற்றாலயம், பக்கத்தில் ஒரு சின்ன மசூதி. சூரியன் உதித்ததும் செல்ஃபிக் கூட்டம் ஆரவாரித்தது. அழகுதான், மறுக்கவில்லை. நாங்கள் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை வாசித்தோம்.

அது கட்டளையோடு தொடங்கவில்லை. அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின தேவன் நானே என்பதுதான் முதலில். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் விடுவிப்பேன் என்று எகிப்தில் யாரிடமும் அவர் பேரம் பேசவில்லை. சமுத்திரம் பிளந்தது, பசிக்கு வானத்திலிருந்து மன்னா விழுந்தது, கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. அதற்கெல்லாம் பிறகுதான் இந்த மலை, இந்தப் பத்துக் கட்டளைகள்.

ஆனால் என் மனம் போய் நின்றது 34-ஆம் அதிகாரத்தில். மலைக்கு வடமேற்கே உள்ள எர்ராஹா சமவெளியில்தான் இஸ்ரவேலர் பாளையமிறங்கினார்கள் என்பது பாரம்பரியம். கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்று ஒருமுகமாய்ச் சொன்ன அதே ஜனங்கள், மோசே மலைமேல் இருந்த நாற்பது நாளுக்குள் பொன் கன்றுக்குட்டியைத் தெய்வமாக்கி, அதைச் சுற்றி ஆடினார்கள். இறங்கி வந்த மோசே, கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை எறிந்து உடைத்தார். கதை அங்கேயே முடிந்திருந்தாலும் நியாயம் கேட்க யாருக்கும் வாயில்லை. கர்த்தரோ, முந்தினவைகளுக்கு ஒத்த இரண்டு கற்பலகைகளை இழைத்துக்கொண்டு வா என்கிறார். முதல் பலகைகளில் இருந்த அதே வார்த்தைகளை எழுதுகிறார். இவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று பத்தை ஏழாகக் குறைக்கவும் இல்லை, இவர்கள் வேண்டாம் என்று ஜனத்தைத் தள்ளிவிடவும் இல்லை. இரக்கமும் கிருபையும் உள்ளவர் என்று தம் நாமத்தை அவர் கூறுவதும் அந்த அதிகாரத்தில்தான். தவறி விழுந்தவன் மறுநாள் காலையில் வேதத்தைத் திறக்கத் துணிவது இந்த உண்மையுள்ள தேவனை நம்பித்தான்.

இறங்கும்போது முழங்கால் கெஞ்சியது. வழியில் எலியாவின் பள்ளம். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி வந்து சேர்ந்ததும், ஓரேப் என்றும் பெயருள்ள இந்த மலைக்குத்தான். அதற்கும் கீழே படிகளுக்குக் குறுக்கே ஒரு கல்வளைவு. ஆறாம் நூற்றாண்டில் ஸ்தேவான் என்ற துறவி அங்கே உட்கார்ந்து, யாத்திரிகர்களின் பாவ அறிக்கையைக் கேட்ட பிறகே மேலே விடுவாராம். "இப்போ உக்காந்தா எத்தனை பேர் தேறுவாங்களோ!" என்று சிரித்தார் அம்மா.

அடிவாரத்தில் புனித கத்தரீன் மடம், யுஸ்தினியான் பேரரசர் ஆறாம் நூற்றாண்டில் கட்டுவித்தது. ஆலயத்தின் கிழக்குக் கோடியில் பழமையான மொசைக் ஓவியம். நடுவில், ஒரு மலைமேல் ஒளிவீசி மறுரூபமான கிறிஸ்து; இரு பக்கமும், அங்கே அவரோடு தோன்றிய மோசேயும் எலியாவும். அம்மா அண்ணாந்து பார்த்து, என் கையைத் தட்டினார்.

"மேரிபாங்கிற இடத்தில கீழ்ப்படியாமப் போனதுக்காக மோசேயை, வாக்குப்பண்ணின கானான் தேசத்துக்குள்ள விடலையேன்னு எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா தம்பி? இந்த மறுரூப மலை எங்க இருக்கு? கானானுக்கு உள்ளதானே!"