நவம்பரில் துணி காய்வதில்லை

நவம்பர் 3, ஞாயிறு

கொடியில் தொங்குவது வியாழக்கிழமை துவைத்த துணி. இன்றோடு நாலு நாள். தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. குளிர்ந்து போனதால் ஈரம்போலத் தெரிகிறதா, நிஜமாகவே ஈரமா என்று கோத்தகிரிக்கு வாக்கப்பட்டு வந்து எட்டு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தை துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். கையை ஏமாற்றலாம், கன்னத்தை ஏமாற்ற முடியாதாம். "ஈரந்தான் புள்ள, விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாத்தூரில் எங்கள் அம்மா வீட்டில் கடைசித் துணியைப் பிழிந்து போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் சித்திரையில் அது பொய்யில்லை.

கணக்கு இதுதான். சின்னவனுக்கு ஒன்பது மாசம். இவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்த மூத்திரத் துணி மொத்தம் 24. ஒரு நாளைக்கு எட்டு போகிறது. மூன்று நாளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதால் முதல் நாள் துவைத்தது நாலாம் நாள் காலையில் கைக்கு வந்தாக வேண்டும். வரவில்லை. ராத்திரிக்கு மட்டும் என்று வைத்திருந்த டயபரை இன்று பகலிலும் போட்டேன். காசு ஒரு பக்கம். கழற்றிய பிறகு அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, கடையில் ஒரு கேரிபேக் கேட்டால் முறைப்பார்கள். டயபருக்குத் தடை இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே போகும் ஓடையை எட்டிப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை எந்த அளவு போடுகிறது என்று சொல்லிவிடலாம்.

நவம்பர் 4, திங்கள்

பெரியவள் ஒன்றாம் வகுப்பு. சாக்ஸ் ஈரம். இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்று எடுத்தால் கரண்ட் போய்விட்டது. மேலே எங்கேயாவது மரம் கம்பியில் சாய்ந்திருக்கும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் சாக்ஸைப் பரப்பினேன். ஒன்று காய்ந்தது. இன்னொன்று கருகியது. ஒரு காலுக்கு நீலம், ஒரு காலுக்குச் சாம்பல் என்று போட்டுக்கொண்டு போனாள். பூட்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடுவது ஒரு நிம்மதி. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எங்களுக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்துவிட்டது. அங்கே போடும் கிச்சடி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று இந்த வாரத்தில் மூன்று முறை சொல்லிவிட்டாள். ஒரு முறை சொன்னால் போதாதா.

நவம்பர் 6, புதன்

காலையில் தலை இரும்புபோலக் கனத்தது. பெரியவள் வாந்தி வருகிறது என்றாள். எழுந்து பார்த்தால் அறை மூலையில் இரும்புச் சட்டி, அதில் நீறு பூத்த கரி, மேலே கவிழ்த்த மூங்கில் கூடை, கூடை முழுக்கச் சின்னவன் துணி. நாங்கள் தூங்கிய பிறகு அத்தை கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இவருக்கு ராத்திரி ஷிப்ட். அத்தை, நான், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் அந்த அறையில்தான் இருந்தோம்.

ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம்தான் கத்தினேன். கரி புகையாமல் கனிந்தால் ஆபத்தில்லை என்று அத்தை நினைத்திருக்கிறார். புகை இல்லாததுதான் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போனவர்கள் செய்தி மலைப்பக்கம் அவ்வப்போது வருகிறது.

"நாங்கல்லாம் லயத்துல விறகுப் புகையிலதான் வளந்தோம்" என்றார் அத்தை. லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு. அந்த வீட்டில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தது, அது வழியாகச் சாரல் அடிக்கும் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். அந்தச் சந்துதான் உங்களைக் காப்பாற்றியது அத்தை, இப்போது நமக்கு இருப்பது கான்கிரீட் கூரை, கதவிடுக்கில் சாக்கு வேறு அடைத்திருக்கிறோம் என்றேன். பதில் இல்லை. மத்தியானம் சட்டியைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு அவரே கொண்டுபோய் வைத்தார். என்னோடு சாயங்காலம் வரை பேசவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

காற்று இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் தாங்காது என்ற நிலைக்கு வந்த பிறகு இறங்குவதுதான் இந்த மேகமூட்டம். அதற்குள்ளே துணியைத் தொங்கவிட்டு, இந்தத் தண்ணீரையும் கொஞ்சம் வாங்கிக்கொள் என்றால் எங்கே வாங்கும்? ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழும்போதுகூட இந்தப் பாடு இல்லை. அப்போது பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று வறண்டிருக்கும், துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சாத்தூர்க்காரியான நான் முதல் வருஷம் குளிரைத்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. யோசித்துப் பார்த்தால் இந்த மலையின் தொழிலே காயவைப்பதுதான். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். மிச்சமெல்லாம் தண்ணீர். இலையை நீளத் தொட்டியில் பரப்பி அடியிலிருந்து ஃபேன் விட்டு வாட்டி, மெஷினில் அரைத்து, காற்றோட்டமாகப் புளிக்கவைத்து, கடைசியில் டிரையரில் சூடான காற்றுக்குக் காட்டுவார்கள். சுமார் இருபது நிமிஷம். வெளியே வரும்போது நூற்றில் மூன்று பங்கு ஈரம் இருந்தாலே அதிகம்.

இருபது நிமிஷம்! இத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு வருகிறேன், இன்றைக்குத்தான் மூளையில் தட்டியது. டிரையருக்குச் சூடு கொடுக்கும் விறகு அடுப்புக்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கிறதாம். டிபன் பாத்திரத்தோடு ஒரு பையையும் கொடுத்து அனுப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனார்.

நவம்பர் 9, சனி

அப்பளம்! எட்டுத் துணியும் அப்பளம் மாதிரி வந்திருக்கிறது. யூனிஃபார்மை மோந்து பார்த்துவிட்டு, "நான் டீத்தூள் மாதிரி வாசம் வருவேன்" என்றாள் பெரியவள். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொள்ள ஆவலாக இருக்கிறாள்.

நவம்பர் 11, திங்கள், விடியற்காலை 3 மணி

சின்னவனுக்கு நேற்றிலிருந்து சளி. இருமி இருமி இப்போதுதான் தூங்குகிறான். சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது நர்ஸம்மா கற்றுக்கொடுத்தது இது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கும் சோம்பேறித்தனம் கூடாது. இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரைக்கும் ஐம்பதோ அதற்கு மேலோ போனால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

42. குழி இல்லை.

கோத்தகிரியில் இந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா, இவரை ஃபேக்டரியிலிருந்து கூப்பிட வேண்டுமா என்று மனசு ஒரு பக்கம் போகிறது, விரல் ஒரு பக்கம் எண்ணுகிறது. 44. அத்தை எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் எண்ணும்போது அவர் உதடும் அசைகிறது.

41. சரி, படுக்கலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஃபேக்டரி சலுகை முடிந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. தேயிலைக்குப் பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் அப்படியே இழுத்துக்கொள்ளும். மல்லிகை டீ செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். "ஏலத்துக்குப் போற தூளை ருசி பாக்கிறவன், இதுல என்னப்பா வாசம்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாராம். அதை இவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கும்தான்.

இரண்டாம் தடவை கொடுத்தனுப்பிய கம்பளி ஸ்வெட்டரை அடுப்புக்கு ரொம்பக் கிட்டே போட்டிருக்கிறார். சுருங்கிப் பாதியாகிவிட்டது. பெரியவளுக்கு அத்தை வாங்கிக் கொடுத்தது. "ரெண்டு வருஷம் போனா சின்னவனுக்கு ஆவும்" என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நல்லவேளை, பள்ளியில் கொடுத்த ஸ்வெட்டர் இருக்கிறது.

நவம்பர் 13, புதன்

தடுப்பூசி நாள். சளி இருக்கிறதே, தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். லேசான சளிக்கெல்லாம் தள்ள வேண்டாம் என்றார் நர்ஸம்மா. தட்டம்மை, ரூபெல்லா முதல் ஊசி, கூடவே வைட்டமின் ஏ 1 மில்லி. ஊசிக்கு அழாதவன் அந்தச் சொட்டுக்கு அழுதான். காய்ச்சல் வந்தால் இன்றைக்கே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

அப்புறம் கேட்டார்: "வீட்ல புகை ஏதும் உண்டா?" நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரைப் பார்த்தார். கரிச்சட்டி தாழ்வாரத்துக்குப் போய்விட்டது, ஆனால் தினமும் குளிப்பாட்டியதும் சாம்பிராணி உண்டு. இந்த நெஞ்சுக்குச் சாம்பிராணியும் புகைதான், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதையே நான் ஆறு மாசமாகச் சொல்கிறேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும்போல.

நவம்பர் 16, சனி

குக்கர் ரப்பர் போய்விட்டது. கடைக்குப் போக முடியாத மழை. சட்டியில் ஒரு மணி நேரம் வேகவைத்தும் துவரம்பருப்பு முறைத்துக்கொண்டே கிடந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் கேஸ்தான் தீரும். சின்னவனுக்கு உருளைக்கிழங்கு. எங்களுக்கு அத்தையின் தேங்காய் ரொட்டியும் சம்பலும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 18, திங்கள்

கலெக்டர் லீவு விட்டிருக்கிறார். பெரியவள் ஜன்னல் ஈரத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கரண்ட் இல்லை. 2009 நவம்பர் மண்சரிவைப் பற்றி அத்தை பேச ஆரம்பித்தார், பிள்ளை கேட்டுப் பயந்துவிடுவாள் என்று நான் பேச்சை மாற்றினேன். அப்போது மழையில் பிள்ளைத் துணியை எப்படிக் காயவைப்பார்கள் என்று கேட்டேன். தான் பிறந்த தோட்டத்தைக் கேட்டதாக நினைத்து அவர் இன்னும் பின்னால் போய்விட்டார்.

அத்தை பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். 1964, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்ட அதே வருஷம். பதினோரு வயசில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலில் இங்கே வந்தார்கள். பிற்பாடு அரசாங்கத்தின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தார். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசாங்கம் அந்தத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது.

அங்கே இருந்தபோது ஏழு வயசில் அவருடைய வேலை, தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் விடுவது. அம்மா அதற்குள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போயிருப்பார், பிந்தினால் பேர் விழாது, அன்றைய கூலி கிடையாது. காம்பராவில் வரிசையாகத் துணித் தொட்டில், எல்லாத்துக்கும் ஒரு ஆயா. எங்கேயும் நசநசவென்று ஈரம்.

"துணியை எப்படித்தான் காயவச்சாங்க அத்தை?"

"அம்மா இடுப்புல சுத்திக்குவா. பிழிஞ்ச துணிய வயித்தோட சுத்தி, மேல சேலை, அதுக்கு மேல மழைக்குக் கட்டுற படங்கு. மத்தியானம் பால் குடுக்க வரையில அவுத்தா காஞ்சிருக்கும். அதையே தம்பிக்குக் கட்டிட்டு, நனைஞ்சத சுத்திக்கிட்டு மலைக்குப் போயிருவா."

கொஞ்ச நேரம் பொறுத்து, "எப்பவும் வயித்து வலின்னு சொல்லுவா" என்றார். பெரியவள் வரைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 21, வியாழன்

நர்ஸம்மா சொன்னபடி எட்டாம் நாள் காய்ச்சல். 100.6. எடைக்குத் தக்கபடி எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து. ராத்திரி மாற்றுத் துணி இல்லை, டயபரும் தீர்ந்துவிட்டது. ஒரு துணியை நன்றாகப் பிழிந்து, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் உயிர் போய்விட்டது. மூன்று மணிக்கு எடுத்தபோது காய்ந்திருந்தது. அத்தையிடம் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில்! எட்டு மணிக்கே சுள்ளென்று. மெத்தை, கம்பளி, பள்ளிக்கூடப் பை, மூத்திரத் துணி 24, எல்லாம் வெளியே. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கோலம். சின்னவன் கொடிக்குக் கீழே பாயில் உட்கார்ந்து, அசையும் நிழல்களைப் பிடிக்கப் பார்த்தான். காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது.

இரண்டரை மணிக்குக் காட்டெருமை வந்துவிட்டது. மூன்று. வேலியைத் தாண்டி நேராகக் கொடிக்குக் கீழே நின்று புல் மேய்கின்றன. பிள்ளைகளை உள்ளே தூக்கிப்போட்டுக் கதவைச் சாத்தினோம். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருவது ஜன்னலில் தெரிகிறது. அவற்றுக்கென்ன அவசரம். இவர் தட்டைத் தட்டினார், பெரியவள் கெஞ்சிப் பார்த்தாள், அத்தை திட்டினார். பெரியது ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, கொடியை உரசிக்கொண்டு கீழே தேயிலைக்குள் இறங்கியது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின.

ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தோம். அத்தை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றி ஒற்றி மடித்தார், நான் எண்ணினேன். 23. ஜன்னலில் பெரியவள் கையை நீட்டினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொம்பில் வெள்ளையாக ஒன்று போய்க்கொண்டிருந்தது.

எட்டு, எட்டு, ஏழு. சமாளிக்கலாம்.