சுருக்கிய வயிற்றிலும் பிஸ்கட் இறங்கும்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் பிஸ்கட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். அதற்கு முன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நீரிழிவு. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போதெல்லாம் மாத்திரை கூடிக்கொண்டே வந்தது. அங்கிருந்த மருத்துவர்தான் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். சிங்கப்பூரில் பொதுவாக பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு, 37.5ஐத் தாண்டியவர்களுக்கும், 32.5ஐத் தாண்டி நீரிழிவு போன்ற நோயும் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கிறார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடுவதால் இந்த அளவு. மருத்துவக் காரணம் இருந்தால் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். மானியம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகக் கடிதத்தோடு போங்கள்.

எண்டோஸ்கோப்பி, தூக்கப் பரிசோதனை, உளவியலாளர் என்று வரிசையாகப் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது உணவியல் நிபுணரோடு பேசிய நேரம். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். மூன்று இன் ஒன் மைலோ, கிரீம் பிஸ்கட், கப் நூடல்ஸ், சாசேஜ். ஷிப்ட் வேலையில் கைக்குக் கிடைப்பது அதுதான், எல்லாமே பாக்கெட்.

2019இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துச் செய்த சோதனையைப் பிறகு படித்தேன். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவில் இருக்கும்படி அதிகம் பதப்படுத்தியது, பதப்படுத்தாதது என்று இரண்டு வகைச் சாப்பாடு பரிமாறினார்கள். அதிகம் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. படித்தபோது மனம் லேசானது. "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று எத்தனை வருடம் கேட்டிருப்பேன்!

அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் சத்துப் பானம் மட்டும். கல்லீரல் சுருங்கினால்தான் வயிற்றை எட்ட எளிதாக இருக்குமாம். எனக்குச் செய்தது ஸ்லீவ் முறை. இரைப்பையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது.

அப்புறம் மிடறு மிடறாகத் தண்ணீர், தெளிந்த சூப், அரைத்த உணவு, குழைந்த உணவு. தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தட்டைப் பார்த்துப் பதறினார்: "என்னம்மா, குழந்தைக்கு ஊட்டுற அளவுகூட இல்லையே?" அடுத்த நாளிலிருந்து பாசிப்பருப்பை மசித்து அவரே கொண்டுவந்து வைத்தார்.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன். மாதங்கள் போனதும் பசி மெல்லத் திரும்பும். அப்போது ஒரு துண்டு கோழியை மென்று விழுங்கினால் வயிறு நிறைந்து, போதும் என்கிறது. பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. வயிறு தடுப்பதே இல்லை. எடை மீண்டும் ஏறுவதற்கு இது ஒரு பெரிய வழி. கத்தி வயிற்றைத்தான் சுருக்கும், அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை நாம்தான் எடுக்க வேண்டும். இதை மருத்துவமனைகள் முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது தேக்கா ஈரச்சந்தையில் மீன், முட்டை, தௌஃபு வாங்கிவைக்கிறேன். காப்பிக்கடையில் தே ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். கடைப் பானங்களில் ஏ முதல் டி வரை தரம் சொல்லும் நியூட்ரி கிரேடு எழுத்தைப் பார்ப்பேன். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, கடைசித் தரம்.

சில மாதங்களில் முடி கொட்டும், பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப வளரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும். என் நீரிழிவு மாத்திரை குறைந்திருக்கிறது, இன்னும் முழுதாக நிற்கவில்லை.