முப்பதாயிரத்துக்குள் ஒரு வீட்டுக் கணினி: கொட்டேஷன் சீட்டில் எழுதாதவை

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் நின்றாலும், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன சிறிது நேரத்தில் கொட்டேஷன் சீட்டு கைக்கு வந்துவிடும். அதில் பிராசசரின் பெயர் மட்டும் ஓரளவு முழுமையாக இருக்கும், மற்றவை எல்லாம் "8 ஜிபி ரேம்", "256 எஸ்எஸ்டி" (தரவைச் சேமிக்கும் பாகம்), "450 வாட் எஸ்.எம்.பி.எஸ்." (மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் பாகம்) என்று நிறுவனமும் மாடலும் இல்லாமல் முடிந்துபோகும். 2023-இல் வீட்டுக்கு ஒரு கணினி சேர்க்கப் போனபோது, அந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே மாடல் பெயரை எழுதி வாங்குவதிலேயே என் நேரம் பெரும்பாலும் சென்றது.

பழைய கணினி நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒரு சில தவிர, ஏற்பதில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நிற்கும் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே அறிவித்துவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் நிரல் எழுதும் பயிற்சி, மனைவிக்குக் கணக்கு எழுத டேலி மென்பொருள், எல்லோருக்கும் இணையமும் வீடியோவும் என்பதே எங்கள் தேவை. விளையாட்டுகள் இல்லை என்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் பழையவையே போதும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் பிராசசரின் பெயரில் வரும் கடைசி எழுத்தைக் கவனித்தாக வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரு சீட்டில் ஐ3 12100எஃப் என்று இருந்தது. விலை குறைவுதான், ஆனால் இன்டெல்லில் எஃப் என்று முடிபவற்றில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு செருகாமல் திரையில் எதுவும் வராது. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கும் 5600ஜி-க்கும் உள்ள வேறுபாடும் இதேதான். எஃப் இல்லாத 12100, 5600ஜி இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் எங்கள் வேலை நடந்திருக்கும். முன்னதில் நான்கு கோர்கள் (வேலையைப் பகிர்ந்து செய்யும் கணிப்புப் பகுதிகள்), பின்னதில் ஆறு கோர்களும் சற்று வலுவான உள்ளமைந்த கிராபிக்ஸும் இருந்ததால் 5600ஜி-யை எடுத்தோம். பிராசசரின் பெட்டியோடு அதைக் குளிர்விக்கும் கூலரும் வந்துவிடுவதால் அந்தச் செலவும் இல்லை. பிராசசரைச் செருகும் சாக்கெட்டில் 2022-இல் வந்த ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம்தான் போட வேண்டும், செலவு எங்கள் வரம்பைத் தாண்டும். எனவே பழைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே நின்றுகொண்டோம்.

அதிகம் விவாதித்தது எஸ்.எம்.பி.எஸ். பற்றித்தான். கேபினெட்டோடு (கணினியின் வெளிப்பெட்டி) சேர்த்தே ஒன்றைத் தருகிறோம், தனியாக எதற்கு என்றார் கடைக்காரர். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். இன்றைய கணினியில் பிராசசருக்கான மின்சாரம் அந்த 12 வோல்ட் வழியாகத்தான் போகிறது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. "உங்க சிஸ்டத்துக்கு அதுவே தாராளம் சார்" என்றார் அவர். 65 வாட் பிராசசர் மட்டும் உள்ள கணினி 150 வாட்டைத் தொடுவதே அரிது என்பதால் கணக்கின்படி அவர் சொன்னது தவறில்லை. ஆனால், முகப்பில் 450 என்று துணிந்து அச்சிட்டவர், மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பை மட்டும் உள்ளே ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அது பழுதாகும்போது, பாகங்கள் எல்லாம் பொருந்தும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். எஸ்.எம்.பி.எஸ். இல்லாத கேபினெட்டை வாங்கி, 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்று பெற்ற 450 வாட் ஒன்றைத் தனியாக எடுத்தோம். அந்தச் சான்று மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கு உரியதே தவிர பாதுகாப்புக்கு உரியதன்று. ஆகவே அதன் 12 வோல்ட் எண்ணையும் வாரண்டி ஆண்டுகளையும் சேர்த்தே பார்த்தோம்.

ரேமில் 16 ஜிபி ஒன்றா, 8 ஜிபி இரண்டா என்ற கேள்வி எழுந்தது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்தே கடன் வாங்கும். இரண்டு ரேம்கள் இருந்தால் இரு வழிகளில் தரவு போகும் என்பதால் கிராபிக்ஸின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கூடும். எங்கள் மதர்போர்டில் இரண்டே ஸ்லாட்டுகள். பின்னாளில் கூட்ட வேண்டுமானால் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இரண்டு 8 ஜிபி எடுத்தோம்.

எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகம் கூடிய என்விஎம்இ வகை. அதே எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்திலேயே வேகம் குறைந்த சாட்டா வகையும் விற்கிறது, பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் சீட்டில் வகையையும் எழுதச் சொன்னேன். பழைய ஹார்டு டிஸ்க்கைப் புகைப்படங்களுக்காக உள்ளேயே பொருத்திக்கொண்டோம்.

மதர்போர்டு ஏ520 சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்டது. எங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே இருந்ததால், விஜிஏ போர்ட் உள்ள மாடலாகத் தேடினோம். விலை குறைந்த பலகைகளில்தான் அது இன்னும் இருக்கிறது என்பது எங்களுக்கு வசதியாகிவிட்டது. ஏ520 வந்தது 2020-இல், 5600ஜி கடைக்கு வந்தது 2021-இல். நெடுநாள் கிடங்கில் கிடந்த பலகையாக இருந்தால், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற உள்மென்பொருளைப் புதுப்பிக்காமல் இந்தப் பிராசசரை அடையாளம் காணாது. எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதைக் காட்டிக் கேட்டதும் கடையிலேயே புதுப்பித்து, திரையில் பெயர் வருவதைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியை மூடினார்கள்.

வீட்டில் முதல்முறை இயக்கியபோது வேகம் 3200 என்று எழுதியிருந்த ரேம் 2666-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில், ரேமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கியதும் சரியாயிற்று. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் வர வேண்டும் என்று கடையிலேயே கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். பாகங்களுக்கு வாரண்டி வெவ்வேறு நிறுவனங்களிடம் இருப்பதால், எது பழுதானாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். பட்ஜெட்டில் மிஞ்சியதோடு கொஞ்சம் சேர்த்து 600 விஏ யூபிஎஸ் ஒன்றையும் வாங்கிக்கொண்டோம்.