எத்தனை கறுப்புகள்: கோத்திக் உடைகளுக்குச் சாம்பிள் செய்யும் வேலை

ஆடைகளுக்குச் சாம்பிள் தயாரிக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படத்தையும், அளவும் துணி விவரமும் அடங்கிய டெக் பேக்கையும் வைத்துக்கொண்டு, துணி தேடி, ஷேடுக்கு ஒப்புதல் வாங்கி, பேட்டர்ன் மாஸ்டரோடும் டெய்லர்களோடும் உட்கார்ந்து முதல் உடையை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். ஃபேஷன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே எங்கள் மேசைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் கறுப்பு வெல்வெட், லேஸ் கழுத்து, இடுப்பை இறுக்கும் கோர்செட் என்று ஒரு கோத்திக் ஸ்டைல் வந்தால் அது ஹாலோவீன் என்ற பேய் வேடத் திருவிழாவுக்கான ஆர்டர் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். அக்டோபருக்குள் கடையில் இருந்தாக வேண்டும், நவம்பரில் அதை யாரும் தேட மாட்டார்கள். இப்போது அப்படி இல்லை. வசந்த காலத் தொகுப்பிலும் கறுப்பு லேஸ் வருகிறது, கல்யாண உடையைக் கறுப்பில் கேட்கிறார்கள், அலுவலகத்துக்குப் போடும் சட்டைக்கு விக்டோரியா காலத்து உயர் காலர் வைத்துத் தரச் சொல்கிறார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்றால் பலரும் சொல்லும் பதில், 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘வெட்னஸ்டே’ தொடர். அதில் உண்மை இருக்கிறது. காலீன் ஆட்வுட் உடை வடிவமைத்த தொடர் அது. நடனக் காட்சியில் கதாநாயகி ஜென்னா ஒர்டேகா போட்டிருந்த அடுக்கடுக்கான கறுப்பு உடையின் படம், அதன்பிறகு எங்களுக்கு வந்த மூட் போர்டுகளில், அதாவது வடிவமைப்பு யோசனைக்கான படத் தொகுப்புகளில், ஏதோ ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒரு தொடர் தரும் வேகம் ஓரிரு சீசனில் அடங்கிவிடும். அது அடங்கிய பிறகும் கறுப்பு கேட்டு வருவது நிற்கவில்லை.

இதன் வேர் அந்தத் தொடரைவிடப் பழையது. 1970களின் கடைசியில் பிரிட்டனில் பௌஹாஸ், சூக்ஸி அண்ட் த பேன்ஷீஸ் போன்ற இசைக் குழுக்களைச் சுற்றி ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது, பின்னால் ‘கோத்’ என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். 1982இல் லண்டனின் சோஹோ பகுதியில் தொடங்கிய பேட்கேவ் கிளப் அவர்களுக்கு ஓர் இடமாக அமைந்தது. அவர்கள் போட்டுக்கொண்டதில் பெரும்பகுதி எந்தக் கம்பெனியும் தைத்துக் கொடுத்ததல்ல. பழைய துணிக் கடையில் கிடைத்த லேஸையும் வெல்வெட் கோட்டையும் கிழிந்த வலைக் காலுறையையும் வைத்து அவர்களே செய்துகொண்டது. அந்தப் பழைய துணிகளுக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு கதை இருக்கிறது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, 1901இல் தான் இறக்கும்வரை விக்டோரியா மகாராணி துக்க உடையை விடவில்லை. அவரைப் பார்த்து ஒரு தேசமே துக்கத்துக்கான விதிமுறைகளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது: எத்தனை மாதம் எந்தத் துணி, எந்த நகை, எப்போது கொஞ்சம் பளபளப்பு போடலாம் என்றெல்லாம். துக்கத்தின் முதல் கட்டத்துக்கு உரிய துணி கிரேப். பட்டில் சுருக்கம் விழச் செய்து, பளபளப்பை முழுக்க எடுத்துவிட்ட துணி அது. மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் அந்தக் கறுப்புச் சாயம் தோலில் இறங்கிவிடும். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலத்துப் பெண்கள் மிகவும் நெருக்கமாகத் தெரிந்தார்கள், ஏனென்றால் இத்தனை காலம் கழித்தும் லேப் ரிப்போர்ட்டில் நான் சண்டை போடுவது இதே விஷயத்தோடுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குக் கறுப்பு சுலபமான நிறம். சாயம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெளிர் நிறம் என்றால் பருத்தித் துணியின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ரியாக்டிவ் சாயம் போதும். நல்ல ஆழமான கறுப்புக்கு 6 முதல் 8 சதவீதம் வரை போகும், கூடவே லிட்டர் தண்ணீருக்கு 80, 100 கிராம் என்று உப்பு. துணியில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, மறுபடி அலசி வெளியே எடுக்க வேண்டும்; நேரமும் தண்ணீரும் போகிறதே என்று யாராவது அந்த அலசலைக் குறைத்தால், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கும் சோதனையில் அது தெரிந்துவிடும். 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் வெள்ளைத் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை என்று அர்த்தம். ஆழமான கறுப்புக்கு ஈரத் தேய்ப்பில் 3 வாங்குவதற்கே மெனக்கெட வேண்டும், 2 வந்தால் போட்டவரின் கழுத்து, கைப்பை, உட்கார்ந்த சோபா எல்லாவற்றிலும் கறை ஒட்டும்.

இது ஒரே துணியின் கதை. கோத்திக் உடையில் ஒரே துணி வருவதே அபூர்வம். பருத்தி வெல்வெட் உடம்புப் பகுதி, நைலான் லேஸ் கை, பாலியஸ்டர் லைனிங், பாலியஸ்டர் நூல், அப்புறம் ஜிப், ரிப்பன், ஹூக். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், நைலானுக்கு ஆசிட் சாயம், பாலியஸ்டருக்கு 130 டிகிரி சூட்டில் ஏறும் டிஸ்பர்ஸ் சாயம். எல்லாவற்றின் மேலும் ‘பிளாக்’ என்றுதான் எழுதியிருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் சிவப்பு அடிக்கும், இன்னொன்றில் பச்சை, லைனிங்கில் நீலம். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் ஒத்துப்போன இரண்டு துணிகள், விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84க்கு மாற்றியதும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சிவப்பு கவுனுக்கு லேஸ் பொருத்தும்போது இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை, ஏனென்றால் சிவப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும் கண் அதைச் சிவப்பின் இன்னொரு சாயலாக எடுத்துக்கொள்கிறது. கறுப்பில் அதே வித்தியாசம் வந்தால் ஏதோ ஒன்று பழசு, வெளுத்துப் போனது என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடுகிறது.

இந்த உடைகளைச் செய்யச் செய்யத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கோத்திக் உடையில் நிறம் ஒன்றே ஒன்று என்பதால், பார்ப்பதற்கு இருப்பதெல்லாம் வெளிச்சம் துணியில் என்ன செய்கிறது என்பது மட்டும்தான். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், சாட்டின் திருப்பி அனுப்பும், லேஸ் வழிவிட்டுத் தோலைக் காட்டும், கிரேப் எதுவும் செய்யாமல் மந்தமாக இருக்கும். இந்த நான்கும் ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் அந்த உடைக்கு ஆழம் கிடைக்கிறது. அதற்காகத்தான் அடிநிறம் ஒத்துப்போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். வித்தியாசம் துணியின் முகத்திலிருந்து வர வேண்டும், சாயக் கோளாறிலிருந்து வரக்கூடாது.

எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் வெல்வெட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார். வெல்வெட்டின் ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பூனையின் முதுகைத் தடவுவது போல ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் முரடு. ரோமம் மேல்நோக்கி இருக்கும்படி வெட்டினால் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி வெட்டினால் லேசாக வெள்ளி ஓடும். எனவே முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாத் துண்டும் ஒரே திசையில் விழ வேண்டும், துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இடத்தை மிச்சம் பிடிக்க முடியாது, துணி கூடுதலாகப் போகும். “துணி மிச்சம் பண்ணணும்னா வெல்வெட் பக்கமே வராதீங்கம்மா” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தையலிலும் இரண்டு வெல்வெட் துண்டுகளை முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்துகொண்டே போகும், கையால் தற்காலிகமாக டாக் தையல் போட்டுப் பிடித்த பிறகுதான் மெஷினில் வைக்க முடியும். பிரித்தால் ஊசி போன தடம் அப்படியே இருக்கும். நேராக இஸ்திரி வைத்தால் ரோமம் படுத்துவிடும், ஆவிதான் காட்ட வேண்டும்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் நாள் முழுக்கத் தைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் சாம்பிள் டெய்லர் அக்கா ஒருவர், மிகவும் கைதேர்ந்தவர், மதியத்துக்கு மேல் தையல் எங்கே போகிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். மெஷினுக்கு மேல் கூடுதல் விளக்கு போட்டோம், கறுப்பு வேலையையும் வெளிர் நிற வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். இது உற்பத்தித் தளத்திலும் நடக்க வேண்டும். ஒரு சீசனில் ஆர்டர் முழுக்கக் கறுப்பாக மாறும்போது, அந்த மாற்றம் முதலில் போய் இறங்குவது தைப்பவர்களின் கண்ணில். இலக்கு போடும்போது இதற்கென்று நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

உலோகம் தனிச் சிக்கல். உடைந்த ஊசி உடைக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பேக்கிங்குக்கு முன் எல்லா உடையும் இரும்பைக் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டர் வழியாகப் போகும். கோர்செட்டுக்குள் எஃகுப் பட்டை இருந்தால் மெஷின் கத்தும், கயிறு கோக்கும் ஓட்டைக்கு வைக்கும் ஐலெட் வளையம் இரும்பாக இருந்தாலும் கத்தும். ஆகவே ஐலெட்டைப் பித்தளையில் எடுப்போம், எஃகுப் பட்டையைச் சோதனை முடிந்த பிறகு செருகுவோம். ஐரோப்பாவுக்குப் போகும் உடையில் தோலோடு ஒட்டிக் கிடக்கும் சங்கிலி, கொக்கி எல்லாவற்றுக்கும் நிக்கல் வரம்பு உண்டு, வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் வெளியேறக் கூடாது.

இத்தனையும் செய்து சாம்பிள் அனுப்பினால் என்ன நடக்கும்? ஒரு பையரிடமிருந்து வந்த பதில் இன்னும் நினைவிருக்கிறது: உடை அருமை, விலை மட்டும் பாதியாக வேண்டும். வெல்வெட் போய் பாலியஸ்டர் ஜெர்சி வந்தது, லேஸ் போய் லேஸ் மாதிரி அச்சடித்த துணி வந்தது, கோர்செட்டில் எஃகுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன, ஏனென்றால் கறுப்பின் நுணுக்கம் எல்லாம் போட்டோவில் காணாமல் போய்விடும். விற்பனையும் படத்தை வைத்துத்தான். கையில் வாங்கிப் போட்டுப் பார்க்கும்போதுதான் ஒன்றில் ஆழம் இருக்கிறது, இன்னொன்றில் வெறும் கறுப்பு இருக்கிறது என்று புரியும்.

பையர் பக்கத்து வடிவமைப்பாளர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவர்களுக்கும் இதன் உச்சம் எது என்று தெரியும். 1981இல் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோதோவும் பாரிஸ் மேடைக்கு வந்த பிறகு கறுப்பை எப்படி வெட்டலாம் என்பதற்கான இலக்கணமே மாறியது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குயீன் 1996இல் தன் ‘டான்டே’ தொகுப்பை லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு தேவாலயத்துக்குள் காட்டினார். ரிக் ஓவன்ஸ் இன்றுவரை கறுப்பு, சாம்பல் என்ற சின்ன வட்டத்துக்குள் நின்றே புதுப் புது உருவங்களைச் செய்துகொண்டிருக்கிறார். 2008இல் நியூயார்க்கில் எஃப்ஐடி என்ற ஃபேஷன் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் ஃபேஷன் வரலாற்றாசிரியர் வலெரி ஸ்டீல் கோத்திக் உடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் மெக்குயீனின் தோள் வெட்டை பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அவளே கோத், அந்த இசை, அந்த உடை, கறுப்பு உதட்டுச்சாயம் எல்லாம் பள்ளிக் காலத்திலிருந்து. நாங்கள் ‘கோத்திக் ட்ரெண்ட்’ என்று பேசும்போதெல்லாம் அவளுக்கு முகம் சுருங்கும். ஒருநாள் கேட்டேன். “அக்கா, நீங்க இதை ஒரு சீசனுக்குச் செய்யறீங்க. நாங்க ஒரு கோட்டை பத்து வருஷம் போடுவோம், கிழிஞ்சா லேஸ் வச்சு ஒட்டுப் போடுவோம், அப்புறம் தங்கச்சிக்குக் கொடுப்போம்” என்றாள். இங்கிலாந்தில் 2007இல் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண், கோத் போலத் தோற்றமளித்ததற்காகவே ஒரு பூங்காவில் தாக்கப்பட்டு இறந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். பின்னால் 2013இல் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை இப்படிப்பட்ட தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது. அதைக் கேட்ட பிறகு, கேலியையும் பயத்தையும் தாங்கிக்கொண்டு இந்த உடையைக் காப்பாற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் போய்ச் சேரும் உடை இரண்டு துவையலில் வெளுக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது.

இந்த ட்ரெண்ட் இளைஞர்களைக் கெடுக்கிறது, சோர்வைக் கொண்டாடுகிறது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் பழகிய கோத் இளைஞர்கள் தங்கள் உடையைப் பற்றி மற்ற எல்லோரையும்விட அதிகமாக யோசிப்பவர்கள். எல்லாமே பிரகாசமாக, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் காலத்தில், துக்கத்துக்கும் இருட்டுக்கும் ஒரு நல்ல தையலும் நல்ல துணியும் கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ட்ரெண்ட் ஏறுவதால் புதிதாக வருபவர்களும் வரட்டும். அவர்களில் சிலராவது நிலைத்து நிற்பார்கள்.

எங்களால் முடிந்ததைச் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். கறுப்பு ஸ்டைல்களுக்கு ஈரத் தேய்ப்பில் 3க்குக் கீழே வந்தால் துணியை வெட்டுவதில்லை என்று எழுத்தில் வைத்துவிட்டோம். தையலுக்குள் விடும் துணியை கொஞ்சம் அகலமாக விடுகிறோம், பின்னால் உடம்பு மாறினால் பிரித்து விரித்துக்கொள்ளலாம். ஒரு பையர் இப்போது கோட்டோடு ஒரு சிறு பையில் கூடுதல் லேஸ் துண்டும் இரண்டு ஐலெட்டும் வைத்துத் தரச் சம்மதித்திருக்கிறார். அந்தப் பயிற்சிப் பெண்தான் இந்த யோசனையைச் சொன்னவள், இப்போது எங்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்ததாக லைனிங்கைக் கழற்றித் தனியாகத் துவைக்கும்படி செய்யலாமா என்று அவளும் மாஸ்டரும் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டன் வைத்தால் வெல்வெட்டின் எடைக்கு இழுக்கிறது, ஹூக் வைத்தால் டிடெக்டரில் கத்துகிறது. பித்தளை ஹூக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், இந்த வாரம் வர வேண்டும்.